சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எத்தனை மணி நேரம்?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. நங்கநல்லூர்க்காரர்களுக்கு விமானம் என்பது காக்கை மாதிரி, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் பார்த்தார்.

"பாப்பா ஊருக்குப் போக எவ்ளோ நேரம் சார் ஆவும்?"

பாப்பா என்று அவர் சொல்வது 41 வயதாகும் என் மகளை. கல்யாணத்துக்கு முன்னால் அவளுடைய சுடிதார்களுக்கு இஸ்திரி போட்டவர் என்பதால் அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறாள்.

"22 மணி நேரம்" என்றேன்.

"அவ்ளோதானா? எங்க ஊருக்கு நாலு பஸ் மாறி, குறுக்க ஒரு சாவு ஊர்வலம் வந்தா அதுக்கே ஒரு நாள் போயிடும் சார்" என்று சிரித்துவிட்டு என் வேட்டியை மடித்துக் கொடுத்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. 22 மணி நேரம் என்பது டிக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கு. அதைப் பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். 2024 ஜூலைக்குப் பிறகு நன்றாகவே தெரியும். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடலாம். என் பேரன் சின்ன வயதில் விளையாடிய பூமி உருண்டை ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அதில் சென்னையில் ஒரு நூலை வைத்து சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடித்தேன். மேற்கே அரபு நாடுகள் வழியாகப் போகும் அல்லது கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டிப் போகும் என்றுதான் நினைத்தேன். நூல் இரண்டு பக்கமும் போகவில்லை. நேரே வடக்கே ஏறியது. ஆந்திரா, ஒடிசா, நேபாளத்தில் எவரெஸ்டுக்குப் பக்கம், திபெத், மங்கோலியா, சைபீரியா, அப்புறம் அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கியது. தட்டையான வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். வீட்டில் உருண்டை இருந்தால் நீங்களே இழுத்துப் பாருங்கள்.

அந்த நூலின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். இன்றைய பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கின்றன. வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். சரி, அப்படியானால் அந்த நேரத்தில் போய்விடலாமே என்றால், முடியாது. அந்த வழியில் யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். திபெத் மேட்டுநிலம் சராசரியாகவே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், பயணிகள் மூச்சு விடுவதற்காக விமானி சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே இறங்கினால் மலைதான் இருக்கும். அதனால் விமானங்கள் கூடியமட்டும் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டே போகின்றன.

சென்னையிலிருந்து அந்த ஊருக்கு நேர் விமானமும் கிடையாது. எங்கேயாவது இறங்கி மாற வேண்டும். துபாய் வழியாகப் போனால் ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாக 16,500. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அதைவிடக் கொஞ்சம் கூட. ஆக, இஸ்திரிக்காரர் நாலு பஸ் மாறுவதற்கும் நான் துபாயில் மாறுவதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேர் விமானம் வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. விமானிகள் எல்லோரும் பெண்கள், வட துருவத்துக்கு மேலே பறந்து வந்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. "உலகம் சுருங்கிவிட்டது" என்று என் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொன்னார். அவர் எதற்கும் இதைச் சொல்வார். வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தபோதும் சொன்னார்.

உலகம் சுருங்கவில்லை. 1960-களில் பறந்த போயிங் 707-உம் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறந்தது. அறுபது வருடத்தில் வேகம் கூடவில்லை. கான்கார்டு என்று ஒன்று 1976-லிருந்து 2003 வரை ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பயணிகளை ஏற்றிப் பறந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். கூடியதெல்லாம் இறங்காமல் பறக்கும் தூரம்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டரை ஒரே மூச்சில் பறக்கிறார்கள், 18 மணி நேரத்துக்கு மேல். உட்கார்ந்த இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் நம் காலத்தின் சாதனை.

போதாததற்கு, வானத்திலும் வேலி போட்டிருக்கிறார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பிய, அமெரிக்க விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் இப்போது சுற்றிக்கொண்டு போய் ஏறக்குறைய 13 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. நாமும் பதிலுக்கு மூடினோம். டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு ஒரே நாளில் அமெரிக்கா தள்ளிப் போய்விட்டது.

இனி டிக்கெட்டில் போட்டிருக்கும் அந்த 22 மணி நேரம். நானும் மனைவியும் 2023 மே மாதம் போனதை அப்படியே எழுதுகிறேன். தந்தி இலாகாவில் 38 வருடம் வேலை பார்த்தவன், எதற்கும் நேரம் குறித்துவைக்கும் புத்தி போகவில்லை. என் டைரியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு 11.30-க்கு வீட்டைப் பூட்டினோம். விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருந்தாலும் நாலு மணி நேரம் முன்னால் போகாவிட்டால் என் மனைவிக்கு நெஞ்சு படபடக்கும். விமானம் 3.50-க்குக் கிளம்பியது. துபாயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அப்புறம் ஒரே இருக்கையில் பதினைந்தே முக்கால் மணி நேரம். கால் வீங்காமல் இருக்க டாக்டர் சொன்ன இறுக்கமான சாக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடைபாதையில் பிரதட்சணம். சனிக்கிழமை மதியம் 1.30-க்கு சான் பிரான்சிஸ்கோ. குடியேற்ற அதிகாரியின் வரிசை, பெட்டி, ஊறுகாய் பாட்டிலைப் பற்றி ஒரு விசாரணை, அப்புறம் மகளின் கார், வளைகுடாவின் மேல் நீளமான பாலம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அங்கே மணி மாலை 4.30. நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து.

இருபத்தொன்பதரை மணி நேரம். இதில் பறந்தது இருபது. மீதி தரையில்.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் வெள்ளி இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி சனி மாலை நாலரைக்கு வந்திருக்கிறோம், 17 மணி நேரம்தான். மகள் "சீக்கிரம் வந்துட்டீங்க அப்பா!" என்றாள். அங்கேயும் ஒரு பொய். பிழைத்த பன்னிரண்டரை மணி நேரத்தைத் திரும்பி வரும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிகள். அந்த விமானத்துக்குக் காத்திருந்தபோது வாசலில் இருபதுக்கு மேல் எண்ணினேன். எல்லாவற்றிலும் நம்மூர் அம்மாக்கள், அப்பாக்கள். அதில் பாதிப் பேர் தினமும் கோவிலை ஒன்பது சுற்று சுற்றுகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. இதைக் கிண்டல் செய்து வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துபாய் மாதிரி ஒரு நிலையத்தில், அதிகாலையில், தூக்கக் கலக்கத்தில், தெரியாத பாஷையில், எந்த வாசல் என்று தேடி ரயில் பிடித்துப் போவதற்கு எழுபது வயது அம்மாவுக்கு வழித்துணை வேண்டும். வழித்துணை என்று கேட்டால் கிடைக்காது, சக்கர நாற்காலி என்று கேட்டால் கிடைக்கும். மகன் அதை டிக்கெட்டோடு பதிந்துவிடுகிறான். தன் அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று அந்த ஒரு கட்டத்தை டிக் செய்யும்போதுதான் அவனுக்கு உறைக்கும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் போய்ச் சேர்கிற பயணம். மூன்று மாதம் முன்னாலேயே டிக்கெட் வாங்கி, முறுக்கு சுட்டு, பெட்டி கட்டிப் போவது. நான் சொல்ல வந்த தூரம் இது இல்லை.

1979 அக்டோபரில் நான் டெல்லியில் இருந்தேன். ஜன்பத்தில் இருந்த மத்தியத் தந்தி அலுவலகத்தில் வேலை. வயது 26, கல்யாணம் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில், அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த பஞ்சாபி நண்பர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. பாளையங்கோட்டையிலிருந்து.

அந்த வாக்கியத்தை நான் மற்றவர்களுக்காக எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். 'சீரியஸ்' என்றால் என்ன அர்த்தம் என்று தந்திக்காரனுக்குத் தெரியும். வருகிறவன் வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று எழுதுவது. அப்பா விடிகாலை நாலு மணிக்கே போயிருந்தார்.

அன்று சாயங்காலம் ஜி.டி. எக்ஸ்பிரஸ். முன்பதிவு இல்லாமல், கழிப்பறைப் பக்கம் பெட்டியின் மேல் உட்கார்ந்து. செவ்வாய்க்கிழமை சென்னை. அன்று மாலை எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். 77 மணி நேரம்.

ஞாயிறு சாயங்காலமே எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன்தான் கொள்ளி வைத்தான். திண்ணையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "குளிச்சுட்டு வா, சாப்பிடலாம்" என்றான். எனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. டெல்லியில் இருக்கிறவன் வர முடியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லையே என்ற குறை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதில் யார் மேலும் கோபம் கிடையாது. தூரம் அவ்வளவு, அதற்கு யார் என்ன செய்வது.

அந்த அண்ணன் 2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 5.40-க்குப் போனான். அதே பாளையங்கோட்டை, அதே வீடு. எனக்கு 6 மணிக்கு மதினி போன் செய்தார். அதற்கு முன்னால் சான் ஹோசேயில் இருக்கும் அவன் மகனுக்குச் செய்திருந்தார். அங்கே திங்கள்கிழமை மாலை ஐந்து தாண்டியிருந்தது. 1979-ல் 11 மணி நேரம் எடுத்துக்கொண்ட செய்தி இப்போது போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுருங்கியது என்றால் இதுதான் சுருங்கியிருக்கிறது.

செய்தி ஒரு நிமிடத்தில் போய்விட்டதால், மகனும் இதோ வந்துவிடுவான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நான் சென்னையிலிருந்து காலை விமானத்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருந்தது. பெட்டிக்காரர் "எத்தனை நாளுக்கு சார்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. 'இருபத்தி ரெண்டு மணி நேரத்துல வந்துருவான்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். டிக்கெட் கணக்கு அங்கேயும் வந்து நின்றது.

அண்ணன் மகனின் கதை வேறு. அன்றைக்கு விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் மாலைதான் கிடைத்தது, ஒரு வழிக்கு மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். அதுகூடப் பெரிதில்லை. அவன் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகி எட்டு மாதம். அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் வரை அது பிரச்சினை இல்லை. வெளியே வந்தால், இங்கே தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் திரும்பிப் போக முடியாது. அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வேலை. திங்கள் இரவு முழுக்க அவன் வக்கீலோடும் ஆபீசோடும் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குப் போன் செய்தபோது, "சித்தப்பா, நான் வரட்டுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்றான். 44 வயது ஆண்பிள்ளை குழந்தை மாதிரி அழுதான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது, "உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். மதினி ஒரே வார்த்தைதான் சொன்னார். "அவன் வந்துரட்டும் தம்பி."

வந்தான். அங்கே செவ்வாய் மாலை நாலு மணிக்கு விமானம் ஏறி, 16 மணி நேரம் பறந்து, துபாயில் பாதி ராத்திரி உட்கார்ந்து, சென்னைக்கு நாலு மணி நேரம், அப்புறம் தூத்துக்குடி விமானம், வாகைகுளத்திலிருந்து கார். வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வாசலில் இறங்கினான். 56 மணி நேரம். அதில் ஆகாயத்தில் கழிந்தது இருபத்தொன்றரை. மீதி முப்பத்துநாலரை மணி நேரமும் டிக்கெட்டுக்கும், காகிதத்துக்கும், காத்திருப்புக்கும்.

1979-ல் டெல்லியிலிருந்து நான் வந்ததைவிட 21 மணி நேரம் குறைவுதான். கணக்குப்படி சான் ஹோசே பக்கம், டெல்லி தூரம். ஆனால் அந்த வீட்டில் இருந்த எவருக்கும் அப்படித் தோன்றியிருக்காது.

அந்த 56 மணி நேரத்தை நான் பார்த்தேன். மதினிக்கு 70 வயது, சர்க்கரை உண்டு. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியையும் குடிக்கவில்லை. புதன்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. பெட்டியின் சத்தம் நின்றதும் தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். இன்வெர்ட்டர் தாங்காது. தெருத்தெருவாக ஜெனரேட்டர் தேடி இரண்டு பையன்கள் பைக்கில் ஓடினார்கள். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் மதினி கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். செவ்வாய் சாயங்காலம் வந்து போன உறவுக்காரர்கள் வியாழக்கிழமை மறுபடி வர முடியவில்லை. கடைசியில் தூக்கிப் போக ஆள் குறைவாகத்தான் இருந்தது.

என் கட்சி இதுதான். ஐஸ் பெட்டி வந்த பிறகு நாம் தூரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுகிறோம். முன்பு தூரம் வருகிறவனுக்கு மட்டும்தான் இருந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் கழிப்பறைப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும். வீட்டில் இருந்தவர்கள் அன்றைக்கே அழுது, அன்றைக்கே முடித்து, அன்றைக்கே குளித்தார்கள். இப்போது அந்தத் தூரத்தை வீட்டில் இருப்பவர்கள் தலையில், அதுவும் பெரும்பாலும் ஒரு வயதான அம்மாளின் தலையில் இறக்கி வைத்துவிட்டோம். செவ்வாய் சாயங்காலமே முடித்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அண்ணன் மகள் உள்ளூரில்தான் இருக்கிறாள். அவள் கொள்ளி வைத்திருக்கலாம். அதற்கு இன்றைக்கு யாரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை, சொன்னால்தான் என்ன?

அதைச் சொல்லவும் சொன்னேன், மதினியிடம் அல்ல, அவர் தம்பியிடம். அவர் என்னை முறைத்தார். "உங்களுக்கு மக மட்டும்தானே அத்தான், அதான் இப்படிப் பேசுதீக" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. வியாழக்கிழமை மகன் உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டதும்தான் மதினி முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அதுவரை 56 மணி நேரமும் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்த பிறகும் நான் சொல்வது சரிதானா என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகத்தோடுதான் சொல்கிறேன்.

அண்ணன் மகன் திரும்பிப் போக ஐந்து வாரம் ஆயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அப்பாவின் மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நல்லபடியாக முத்திரை கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் என்ன என்பதை இன்று வரை நாங்கள் யாரும் பேசியதில்லை.

காத்திருக்கலாமா வேண்டாமா என்பதில் என் கருத்தை யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சாவு வீட்டில், பெட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது முடிவு செய்யக் கூடாது. உயிரோடு இருக்கும்போதே, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேசிவிட வேண்டும். பிள்ளைகள் தங்கள் பாஸ்போர்ட், விசா முத்திரை, ஓ.சி.ஐ. அட்டை எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவைக்க வேண்டும். "இருபத்தி ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று எந்த மகனும் மகளும் சொல்லக் கூடாது. சொன்னால் நாம் நம்பக் கூடாது.

அதை நான் செய்து பார்த்தேன். போன மாதம் மகளிடம் வீடியோ காலில் பேச்சை எடுத்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள், "அப்பா, நான் வர்றதுக்குள்ள ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றாள். பண்ணுவது நான் இல்லை, நான் பெட்டிக்குள் இருப்பேன் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சரி, பேசினால்தானே தட்டிக் கழிக்கிறாள், எழுதிவைத்துவிடலாம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். 'எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மகள் மெதுவாக, நல்ல டிக்கெட்டாகப் பார்த்து, பதினாறுக்கு வந்தால் போதும். என் மனைவியைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது.' தேதி போட்டு, கீழே 'எங்கள் இருவருக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தந்தி மாதிரியே சுருக்கமாக இருந்தது, எனக்கே திருப்தி.

மனைவியிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்து 'எங்கள் இருவருக்கும்' என்பதை அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிச் செஞ்சுடறேன். எனக்கு அவ வரணும்."

"56 மணி நேரம் ஆகும், தெரியுமில்ல?"

"ஆகட்டுமே. எனக்கென்ன, நான் படுத்துட்டுத்தானே இருக்கப் போறேன்?"

அடுத்த பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மகள் வரும் வரை வைத்திருக்க வேண்டும் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 56 மணி நேரம் என்று போட்டேன். எட்டிப் பார்த்தாள்.

"அறுபதுன்னு போடுங்க. மழைக்காலமா இருந்தா ஃப்ளைட் லேட்டாகும்."